கூட்டாத மூலை

திருகோணமலை என்றதும் வெளியூரார் எமது துறைமுகத்தையே நினைப்பார்கள். காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்க இடம் தேடிய கப்பல்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இடம் கொடுத்த இயற்கைத் துறைமுகம் இது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் யாரெல்லாம் இதற்காகப் போட்டியிட்டார்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதமளவில், வாடைக்காற்றோடு, கப்பலும் கடவுச்சீட்டும் இல்லாமல் இந்தக் கரையில் வந்து இறங்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவை வலசைப் பறவைகள். அவற்றுள் பல துறைமுகத்தையோ குளத்தையோ தேடி வருவதில்லை. எமது வீட்டு வளவைத் தேடி வருகின்றன.

இந்த மாரிகால விருந்தாளிகளை வரவேற்க நாம் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை, கட்டவும் தேவையில்லை. வளவின் ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டால் போதும் என்பதே நான் இங்கு சொல்ல வரும் கருத்து. கேட்பதற்கு இது சின்ன விடயமாகத் தோன்றும். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் "முற்றத்தைக் கூட்டாதே" என்று சொல்வது எமது ஊரில் சின்ன விடயமல்ல என்பதை இதை வாசிக்கும் சகோதரிகள் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே காரணங்களோடுதான் சொல்ல வேண்டும்.

முதலில் வருபவர்கள் யார் என்று பார்ப்போம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவின் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்வது ஆறுமணிக் குருவி. விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும், ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் குரல் கொடுப்பதால் தமிழில் அதற்கு இந்தப் பெயர். சிங்களத்தில் அதன் குரலையே பெயராக்கி 'அவிச்சியா' என்கிறார்கள். இந்தியில் 'நவரங்', அதாவது ஒன்பது நிறம். பச்சை முதுகு, நீலப் பட்டை, வெள்ளைத் தொண்டை, கண்ணை ஒட்டிய கறுப்புக் கோடு, வயிற்றின் அடியில் செம்மை. இத்தனையும் சுமார் 19 சென்ரிமீற்றர் நீளமான, கட்டை வால் கொண்ட ஓர் உடலில். மாரிகாலத்தில் எமக்கு மஃரிப் பாங்கு கேட்பதும் ஏறத்தாழ அந்த ஆறு மணியை ஒட்டித்தான். பாங்குக்குச் சற்று முன் வேலிக்குள்ளிருந்து இரண்டு தரம் விசில் அடித்தது போல் ஒரு சத்தம் வந்தால் அது அடுத்த வீட்டுச் சிறுவனாக இல்லாமலும் இருக்கலாம்.

ஆறுமணிக் குருவி மட்டுமல்ல. கிழக்கு ஆசியாவிலிருந்து கொடிக்கால் வாலாட்டி வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். மரநிழலில் ஈரமான நிலத்தில், கிணற்றடியில், சமையலறைக்குப் பின்னால் அதைக் காணலாம். சைபீரியா, மொங்கோலியா பக்கமிருந்து பழுப்புக் கீச்சான் வந்து வேலிக்கம்பில் உட்கார்ந்து கரகரத்த குரலில் கத்தும். நீண்ட வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் வரும். சிங்களத்தில் அதற்குத் 'துணி திருடி' என்ற பொருளில் 'ரெதி ஹொரா' என்று பெயர். எங்கோ உலர்த்திய சீலைத்துண்டைத் தூக்கிக்கொண்டு பறப்பது போலவே இருக்கும். மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகளும் நீலவால் பஞ்சுருட்டான்களும் வரிசையாக அமரும். வேலிச் செடிகளுக்குள் முகம் காட்டாமல் 'டக் டக்' என்று நாக்கைத் தட்டுவது போல் ஒலிக்கும் சிறிய கதிர்க்குருவியும் விருந்தாளிதான்.

இவை கடந்து வரும் பாதைக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் தொடங்கும் இப்பாதை இந்தியா வழியாக வந்து, எமது தீவிலும் அதைச் சூழ்ந்த கடலிலும் முடிகிறது. 2021ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி விட்டபோது, அவற்றில் ஒன்று 7,000 கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பறந்து ரஷ்யாவின் வட கோடியிலுள்ள யமால் தீபகற்பத்தைச் சென்றடைந்தது. எமது வளவுக்கு வருபவை கடற்காகங்களை விட எவ்வளவோ சிறியவை. அவற்றின் முதுகில் பாரமான கருவி கட்ட முடியாது. ஆனால் தெற்கே இனி நிலம் இல்லை என்பது எல்லாவற்றுக்கும் பொது. இலங்கையைத் தாண்டினால் நீண்ட தூரத்துக்கு வெறும் கடல்தான். இங்கு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி அவற்றுக்கு இல்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் பறவைகளுக்கு உதவுவது என்றால் விதைகளையும் கொழுப்பு உருண்டைகளையும் தொங்கவிடுவது. பனி மூடிய நிலத்தில் இரை கிடைக்காது. இரவுக் குளிரைத் தாங்க உடலுக்குச் சூடு வேண்டும். அங்கு அது சரி. நாமும் அதைப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் அரிசியோ சோறோ வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் எமது மாரிகாலத்தில் பனி இல்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி எமது மாவட்டத்துக்கு அந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. மழையோடு மண் நெகிழ்கிறது. மண்புழுவும் வண்டும் கறையானும் சிலந்தியும் பெருகுகின்றன. வலசைப் பறவைகள் அந்த இரைக்காகவே வருகின்றன. ஆறுமணிக் குருவி சோறு தின்னாது. வாலாட்டியும் ஈப்பிடிப்பானும் அரிசியைத் திரும்பியும் பாரா. இறைத்த சோற்றுக்குக் காகமும் மைனாவும் வரும். இரவில் எலி வரும். காகம் பெருகினால் களைத்து வரும் சிறிய பறவைக்கு அதுவே எமனாகிவிடும்.

அப்படியானால் அவற்றுக்கு என்னதான் வேண்டும்? ஆறுமணிக் குருவி இரை தேடுவதை மறைந்திருந்து பார்த்தால் விளங்கும். உதிர்ந்த இலைகளின் மேல் தத்தித் தத்தி நடக்கும். ஓரிலையை அலகால் புரட்டும்; அடியில் இருக்கும் புழுவை எடுக்கும்; அடுத்த இலைக்குப் போகும். அதற்குச் சருகுதான் சாப்பாட்டுத் தட்டு. அந்தச் சருகைத்தான் நாம் ஒவ்வொரு காலையும் ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டிக் குவித்துத் தீ மூட்டுகிறோம்.

எமது வளவுகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. உம்மும்மாமார் சொல்லும் வளவில் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்ட உயிர்வேலி இருந்தது. பின்வளவில் மா, வேம்பு, முருங்கை, வாழை. குப்பைக்கென்று ஒரு கிடங்கு. முன்முற்றம் மட்டுமே தினமும் கூட்டப்படும். பின்வளவு வாரத்தில் ஒரு நாளோ பெருநாளுக்கு முன்போ. அந்தப் பின்வளவுதான் பறவைகளின் விடுதியாக இருந்தது. அவர்கள் பறவைப் பாதுகாப்பு என்று நினைத்து அதைச் செய்யவில்லை. இடம் இருந்தது, நேரம் இருக்கவில்லை.

இன்று உயிர்வேலி மதிலாகிவிட்டது. முற்றத்தில் சீமெந்து, அல்லது இன்டர்லொக் கல். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பின், யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய பின், எல்லை தெரியாமல் போன காணிகளுக்கு முதலில் தேவைப்பட்டது மதில்தான். பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மறைப்பு வேண்டும் என்பதும் நியாயமே.

இன்னொரு காரணம் எம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துக் கல்யாணம் செய்து வைப்பது நீண்ட கால வழக்கம். ஒரு வளவில் மூன்று மகள்மார் என்றால் வளவு மூன்றாகும். மாமரம் நின்ற இடத்தில் ராத்தாவின் வீடு எழும்பும். கிணற்றடியில் தங்கையின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். சீதன வழக்கம் சரியா பிழையா என்பது வேறு கட்டுரைக்குரிய விடயம். இங்கு நான் கவனிப்பது ஒன்றைத்தான். எமது ஊரில் வளவு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கிறது. அதைக் கூட்டுபவளும் பெண். அதில் எதை நடுவது, எதை வெட்டுவது என்பதில் அவளுடைய சொல்லுக்கு இடமிருக்கிறது. இன்று வகுப்பறையில் இருக்கும் நாம் இன்னும் சில வருடங்களில் சில நூறு வளவுகளின் சொந்தக்காரிகள். அதனால்தான் இதை இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மானம் சம்பந்தப்பட்டது. "சருகு கிடக்கிற வீட்டைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வார்கள்?" வீட்டின் வளர்ப்பை முற்றத்தில் பார்ப்பது எமது ஊர் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் முதலில் நடப்பது முற்றம் கூட்டுவதுதான். சுத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது எமது மார்க்கத்தின் பகுதி. ஆனால் அழுக்கும் சருகும் ஒன்றல்ல. அழுக்கு என்பது பொலித்தீன், உணவு மிச்சம், கழிவுநீர், உடைந்த போத்தல். சருகு என்பது மரம் நேற்று வரை அணிந்திருந்த இலை. சில மாதங்களில் அது மண்ணாகிவிடும். எமது மணற்பாங்கான நிலத்துக்கு அதை விட நல்ல பசளை இல்லை. அதைக் கூட்டி எரிக்கும்போது பசளையை இழக்கிறோம். புகையையும் நாமே சுவாசிக்கிறோம். சுத்தமான வீட்டில் தலையணை உறையில் பூ வேலைப்பாடு இருப்பது போல, சுத்தமான வளவில் சருகுக்கென்று ஒரு மூலை இருக்கலாம். அதைச் சுற்றி ஒரு வரிசை கல் வைத்துவிடுங்கள். கல் வைத்தவுடன் அது கவனிக்காமல் விட்ட இடமல்ல, வேண்டுமென்றே விட்ட இடம் என்பது பார்ப்பவர்களுக்குப் புரியும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் பாரமானது. அது டெங்கு. 2017 மார்ச் மாதம் கிண்ணியாவில் நடந்ததை எமது மாவட்டம் மறக்கவில்லை. பல உயிர்கள் போயின. பாடசாலைகளைச் சில நாட்கள் மூட வேண்டி வந்தது. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அதற்குப் பிறகு வளவில் செடி என்றாலே பயம், சருகு என்றாலே பயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றால் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் வெட்டிப் போடும் வீடுகளும் உண்டு. இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள எவருக்கும் உரிமை இல்லை. பறவைக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்லும் கட்டுரையை நானே கிழித்துப் போடுவேன்.

ஆனால் நுளம்பு எங்கே முட்டையிடுகிறது என்பதை அறிந்துதான் பயப்பட வேண்டும். டெங்கைப் பரப்பும் நுளம்பு தேங்கிய, ஓரளவு தெளிந்த நீரில், பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் ஓரத்தில் முட்டையிடுகிறது. சிரட்டை, யோகட் கோப்பை, டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, மூடாத தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு இவைதான் அதன் தொட்டில்கள். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அதற்கு நீர் வேண்டும். மண்ணோடு படிந்து கிடக்கும் மெல்லிய சருகுப் படையில் நீர் தேங்காது, மணலுக்குள் இறங்கிவிடும். ஆபத்து சருகில் இல்லை, சருகுக்குள் மறைந்திருக்கும் கோப்பையில் இருக்கிறது. ஆகவே சருகு மூலைக்கு ஒரு கண்டிப்பான சட்டம் வேண்டும்: அதற்குள் இலை தவிர எதுவும் போடக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், ஜும்ஆவுக்கு முந்திய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடியால் கிளறிப் பார்க்க வேண்டும். சிரட்டை, பொலித்தீன், போத்தல் மூடி எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். தேக்கு, பலா போன்ற பெரிய இலைகள் கிண்ணம் போல் சுருண்டு நீர் பிடித்திருந்தால் அவற்றைக் கவிழ்த்துவிட வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய முடியாதவர்கள் சருகு மூலை வைக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

தண்ணீர்த் தட்டுக்கும் இதே கதைதான். பறவைக்குத் தண்ணீர் வைப்பது நன்மை என்று எல்லோரும் சொல்வார்கள். மாரிகாலத்தில் எமது ஊரில் அதற்குத் தேவையே இல்லை. எங்கும் நீர் இருக்கும். மழை ஓய்ந்து, பெப்ரவரிக்குப் பிறகு நிலம் காயத் தொடங்கும்போதுதான் அது உதவும். அப்போதும் ஆழமில்லாத மண் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு வைத்தால் போதும். தினமும் காலையில் ஊற்றிவிட்டுப் பொச்சால் தேய்த்துக் கழுவி, புதிய நீர் வைக்க வேண்டும். தேய்ப்பது முக்கியம். நுளம்பு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியது.

மூன்றாவது மறுப்பு பாம்பு. உம்மாமாரின் இந்தப் பயமும் நியாயமானது. பாம்பு இலைக்காக வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும், ஒளிந்துகொள்ள இடுக்குக்கும் வருகிறது. கல் குவியல், பழைய ஓடு, விறகு அடுக்கு, உணவு மிச்சம் கொட்டிய குப்பை இவையே அதற்கு வசதி. சருகு மூலை வீட்டுச் சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது. கிணற்றுக்கோ மலசலகூடத்துக்கோ போகும் பாதையிலும் இருக்கக் கூடாது. நாலு விரல் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இரவில் டோர்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. இடம் மிகக் குறைந்த வளவில் இதற்கெல்லாம் வழி இல்லை என்றால் சருகை விட்டுவிட்டுச் செடியை மட்டும் வையுங்கள். எல்லா வளவும் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை.

செடி என்றதும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெருநாளுக்குக் கை சிவக்க நாம் பறிக்கும் மருதோன்றி இருக்கிறதே, அதுவே ஒரு நல்ல பறவைச் செடி. நெருக்கமாகக் கிளைவிடும், முள் இருக்கும், பூவுக்குச் சிறு பூச்சிகள் வரும். மதிலின் உட்புறமாக நாலைந்து மருதோன்றியை வரிசையாக நட்டு, ஒவ்வொரு பெருநாளுக்கும் கிளை முறித்துக்கொண்டிருந்தால் அது தானாகவே அடர்ந்த வேலியாகிவிடும். செவ்வரத்தையும் வெட்சியும் பாவட்டையும் அப்படித்தான். இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கொய்யா, மாதுளை, ஜாம் மரம். ஜாம் மரம் விரைவாக வளரும். வருடம் முழுவதும் ஏதாவது பழம் இருக்கும். குயிலும் கொண்டைக்குருவியும் பழத்துக்கு வரும். நிழலுக்கு வலசைப் பறவைகள் வரும். மரம் நட்டவருக்கு அதில் ஒரு பறவை உண்பதும் தர்மமாக எழுதப்படும் என்பதை நாம் சிறு வயதிலேயே ஓதும் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள். அதைப் பழ மரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இலையின் அடியில் கிடக்கும் புழுவுக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்பது எனது எண்ணம்.

வரவேற்பது என்றால் இடம் கொடுப்பது மட்டுமல்ல, ஆபத்தை அகற்றுவதும்தான். எமது கரையோர ஊர்களில் கத்தரி, வெண்டிப் பாத்திகளுக்குப் பழைய மீன்வலையைக் கட்டுவது வழக்கம். ஆட்டுக்கும் கோழிக்கும் அது நல்ல தடை. ஆனால் நைலோன் வலை பறவையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தளர்வாகத் தொங்கும் வலையில் சிறகு சிக்கினால் அது வெயிலில் தொங்கியே செத்துப்போகும். வலையை இழுத்து இறுக்கமாகக் கட்டுங்கள். அதில் வெள்ளைத் துணிக் கீலங்களை முடிந்துவிடுங்கள். அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுத்து வையுங்கள்.

அடுத்தது கண்ணாடி. புதிய வீடுகளில் முகம் தெரியும் பளபளப்பான ஜன்னல் கண்ணாடி போடுகிறார்கள். அதில் வானமும் மரமும் தெரியும்; பறவை அதை வெளி என்று நினைத்து மோதும். வெளிப்பக்கமாக வெள்ளைப் பூச்சால் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளி வைத்தாலோ நூல்களைத் தொங்கவிட்டாலோ போதும். கோலம் போடத் தெரிந்த தோழிகளிடம் கேட்டால் அழகாகவே புள்ளி வைத்துத் தருவார்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவு முழுவதும் எரியும் வெளி விளக்குகளைத் தேவையான நேரத்துக்கு மட்டும் போட்டால், இரவில் பறந்து வரும் பறவைகள் வெளிச்சத்தில் மயங்கி வீட்டுக்குள் விழுவது குறையும்.

பூனையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பூனையை நேசிப்பது எமது வீடுகளில் வழக்கம். எமது வளர்ப்பும் அப்படி. ஆனால் நிலத்தில் நடந்து இரை தேடும் ஆறுமணிக் குருவிக்குப் பூனையை விடப் பெரிய எதிரி இல்லை. பூனையை விரட்டச் சொல்லவில்லை. விடியற்காலையிலும் மஃரிபை ஒட்டிய நேரத்திலும் அதை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த இரண்டு வேளையும்தான் குருவி அதிகம் நடமாடும் வேளை.

ஒக்டோபர், நவம்பரில் களைத்துப் போன ஆறுமணிக் குருவி விறாந்தையில் விழுந்து கிடப்பது இலங்கையின் பல ஊர்களிலும் நடப்பதுதான். நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கூட்டில் அடைக்க ஆசைப்படுவார்கள். கூட்டில் அது பிழைக்காது. எமது நாட்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இப்படியான பறவையைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். செய்ய வேண்டியது இதுதான்: காற்றுத் துளையிட்ட ஒரு அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணித்தியாலம் விட்டுவிட வேண்டும். வாயைத் திறந்து நீரோ சோறோ ஊட்டக் கூடாது. அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. தெளிந்த பின், காகமும் பூனையும் இல்லாத ஒரு செடியடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் விலகி நின்றால் அது தானாகவே போய்விடும். சிறகு தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். எல்லாம் முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஒரு சிறிய வளவில் ஒரு சிறிய மூலையை விட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு தோழி கேட்டாள். கேள்வி சரியானதுதான். ஒரு மூலையால் ஓர் இனம் தப்பிவிடாது. காடு வெட்டப்படுவதும் சதுப்பு நிலம் நிரப்பப்படுவதும் எமது விளக்குமாற்றை விடப் பெரிய விடயங்கள். அவற்றைப் பற்றியும் பேச வேண்டும். ஆனால் துறைமுகத்தைச் சுற்றிய மேடுகளில் இன்னும் மரங்கள் எஞ்சி இருக்கின்றன. அந்த மேடுகளுக்கும் உள்ளூர்க் காடுகளுக்கும் இடையில் கிடப்பது எமது ஊர்கள்தான். ஒரு தெருவில் பத்து வீட்டில் ஐந்து வீடு இரண்டு செடியும் ஒரு பிடி சருகும் விட்டுவைத்தால், ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குத் தாவி ஒரு பறவை அந்த ஊரைக் கடக்கலாம். எல்லா வீடும் சீமெந்தானால் ஊர் அதற்கு ஒரு பாலைவனம்.

எமது கல்லூரியும் இதில் ஒன்று செய்யலாம். கட்டடத்தின் பின்புறமுள்ள மரங்களின் கீழ் ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிக் கல் வைத்து, அங்கு விழும் இலையை எரிக்காமல் விட விவசாயப் பாட மாணவியருக்கும் உயிரியல் பாட மாணவியருக்கும் பொறுப்புக் கொடுக்கலாம். கோப்பை பொறுக்கும் பணியைச் சுகாதாரக் குழு ஏற்கலாம். அதோடு ஒரு கொப்பியும் வேண்டும். 1868 முதல் 1877 வரை இலங்கையில் பணியாற்றிய வின்சென்ட் லெக் என்ற பீரங்கிப்படை அதிகாரி, திருகோணமலையிலும் இருந்தபோது கண்ட பறவைகளைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளெல்லாம் சேர்ந்து இலங்கைப் பறவைகள் பற்றிய பெரிய நூலாக 1878 முதல் 1880 வரையில் வெளிவந்தன. கோட்டையைக் காக்க வந்த ஒரு வெளிநாட்டவர் செய்ததை, இங்கேயே பிறந்து வளரும் நாம் தமிழில் செய்யக் கூடாதா? முதல் ஆறுமணிக் குருவியின் குரல் எந்தத் திகதியில், எந்த ஊரில் கேட்டது, கடைசியாக எப்போது கேட்டது. இந்த மூன்று விடயங்களை ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு எழுதி வைத்தால் போதும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பிள்ளைகள் சொல்வார்கள். பத்து வருடத்தில் அது எவராலும் விலைக்கு வாங்க முடியாத ஆவணமாக இருக்கும்.

சகோதரிகளே, விருந்தாளியை உபசரிப்பதில் எமது வீடுகள் யாருக்கும் குறைந்தவை அல்ல. வந்தவருக்குப் பாய் விரித்து, இருப்பதில் நல்லதை எடுத்து வைப்பது உம்மாமார் எமக்குப் பழக்கிய பழக்கம். இந்த விருந்தாளிக்குப் பாயும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். அடுத்த ஒக்டோபரில் முன்முற்றத்தை எப்போதும் போல் கூட்டுங்கள். பின்வளவுக்குப் போனதும் ஒரு மூலையில் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, உம்மாவிடம் காரணத்தைச் சொல்லுங்கள். சித்திரை பிறக்கும்போது அவை வடக்கே திரும்பிவிடும். அதன் பிறகு அந்தச் சருகை அள்ளி மாமரத்துக்கும் மருதோன்றிக்கும் பசளையாகப் போட்டுவிடலாம்.